டிரம்முக்குள் யார் பெயர்?

என் அண்ணியைப் பற்றி நான் நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னால், "நாத்தனார் அண்ணியைப் புகழ்றாளா, உலகம் அழியப்போகுதா?" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவளும் வாயைத் திறக்க மாட்டாள், அவளைக் கட்டியவனும் திறக்க விடமாட்டான் என்றால் வேறு யார்தான் பேசுவது? கட்டியவன் அசலான் இல்லை, என் கூடப் பிறந்த அண்ணன். அதனால் எனக்கு இரண்டு பங்கு கோபம்.

எங்கள் வீட்டு முன்னறையை இரண்டாகத் தடுத்திருக்கிறோம். ஒரு பாதியில் என் தையல் மெஷின். மறுபாதியில் அண்ணனின் மேசை, சுழல் நாற்காலி, சுவர் நிறையப் போட்டோக்கள். பளபளக்கும் அலமாரி, பளபளக்கும் கட்டில், ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையைக் கட்டிக்கொண்டு அண்ணன். மரச்சாமான்களின் பழைய சாயத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பாலிஷ் போட்டுத் தரும் பட்டறை இது. பட்டறை என்பது உண்மையில் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே. அங்கே பத்தொன்பது வருடமாக உட்கார்ந்து தேய்ப்பவள் அண்ணி.

ஆரம்பித்தது அண்ணன்தான், அதை நான் மறைக்கவில்லை. கல்யாணமான மூன்றாவது மாதம், இருந்த வேலையை விட்டுவிட்டு, "சொந்தமா பட்டறை வைக்கிறேன் பாரு" என்று கிளம்பினான். முதல் நாற்காலியைத் தேய்த்தபோதே அடுக்குத் தும்மல். இரண்டாவது நாற்காலிக்கு, தின்னர் வாடையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். "நீ கொஞ்சம் பார்த்துக்க, நான் முகம் கழுவிட்டு வந்துடறேன்" என்று உப்புத்தாளை அண்ணி கையில் கொடுத்துவிட்டுப் போனவன்தான். இன்னும் முகத்தைக் கழுவிக்கொண்டே இருக்கிறான்.

அண்ணிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டாள். அவள் நகத்தைச் சுற்றிய பழுப்பு எந்த சோப்புக்கும் போகாது. உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வாள். அண்ணன் கையோ வெண்ணெய். ஒருமுறை ஒரு வக்கீல், தன் பழைய மேசை கண்ணாடி மாதிரி திரும்பி வந்ததைப் பார்த்துவிட்டு, அண்ணனின் இரண்டு கையையும் பிடித்து, "தங்கமான கை சார் இது!" என்று உருகினார். அண்ணன் கூச்சப்பட்டான், மறுக்கவில்லை. அண்ணி உள்ளே அவருக்குக் காபி கலந்துகொண்டிருந்தாள். வண்டியிலிருந்து சாமானை இறக்கிப் பின்பக்கம் கொண்டுபோவதும், முடிந்ததும் ஏற்றுவதும் மட்டும் அண்ணன் வேலை. அதை ஒழுங்காகச் செய்வான், பொய் சொல்லக் கூடாது.

நானும் பெரிய யோக்கியம் இல்லை. என்னிடம் துணி தைக்க வருகிறவர்களிடம், "எங்க அண்ணன் பாலிஷ் பண்ணுவாரு, வேணும்னா சொல்லுங்க" என்றுதான் இத்தனை வருடமும் சொன்னேன். வாய்ப்பழக்கம். இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த டிரம் வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. மேடைகளில் டிரம் வாசிப்பவர் ஒருவர், ஒட்டடைக் குச்சி உயரம், இரும்பையும் தோலையும் கழற்றிவிட்டு மரக்கூட்டை மட்டும் போர்வையில் சுற்றி வண்டியில் கொண்டுவந்தார். அண்ணன் இறக்கித் தூக்கி வந்து மேசையில் வைத்தான். பேசும்போதும் அவருடைய இரண்டு விரல் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தது. கூட்டின் மேல் கருஞ்சிவப்புச் சாயம், அதன் மேல் அங்கங்கே செதில் செதிலாக உரிந்த வார்னிஷ்.

"இந்தக் கண்றாவிக் கலரை எடுத்துடுங்க. மரத்தோட சொந்த நிறம் தெரியணும். அடுத்த மாசம் ரெக்கார்டிங் இருக்கு, இந்த டிரம்ல வர்ற சத்தம் எனக்கு வேற எதுலயும் வராது" என்றார். பிறகு கூட்டைச் சாய்த்து, "உள்ள பாருங்க" என்றார்.

உட்புறம் வெறும் மரம். அதில் பென்சிலால் இரண்டு பெயர்கள், பக்கத்தில் இரண்டு வருடங்கள். ஒன்று நான் பிறப்பதற்கும் முந்தையது.

"மேல இருக்கிறது இதைச் செஞ்சவரு. கீழ இருக்கிறது இந்தச் சாயத்தை அடிச்ச புண்ணியவான். டிரம்ல யார் கை வச்சாலும் உள்ள பேரை எழுதிடணும், அது எங்க பழக்கம். நல்லா பண்ணாலும் எழுதணும், நாசம் பண்ணாலும் எழுதணும். தோலைக் கட்டிட்டா வெளிய தெரியாது. ஆனா அடுத்து திறக்கிறவனுக்குத் தெரியும், இது யார் கைன்னு."

"அதுக்கென்ன சார், எழுதிட்டாப் போச்சு" என்று அண்ணன் சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நடைக்கதவருகே ஈரக் கையோடு நின்றிருந்த அண்ணியும் எல்லாவற்றையும் கேட்டாள்.

அன்று மதியம் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அதுக்குள்ள என் பேரை எழுதணும்" என்றாள் அண்ணி. புடவை வேண்டும், வளையல் வேண்டும் என்று ஒருநாள் கேட்டவள் இல்லை. நான் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

"இத்தனை கட்டில், இத்தனை அலமாரி பண்ணியிருக்கேன். எங்கயாவது என் பேரு இருக்கா சொல்லு? கல்யாணப் பத்திரிகையில ஒருதடவை அச்சடிச்சாங்க. அதோட சரி."

"எழுதுங்க அண்ணி, யார் தடுக்கிறது?" என்றேன். யார் தடுப்பது என்று எனக்குத் தெரியாதாக்கும்!

வேலை லேசுப்பட்டதில்லை. வார்னிஷைக் கிளப்புவது சுலபம். ரிமூவரைத் தடவினால் கொப்புளித்து வரும், பட்டிக் கத்தியால் வழித்துவிடலாம். ஆனால் சாயம் மேலே உட்கார்ந்திருப்பதில்லை, மரத்துக்குள் குடித்தனம் நடத்துகிறது. அண்ணன் பின்பக்கம் எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "தேய்க்கிற மெஷினை வச்சு ஒரு இழு இழுத்தா போயிடாதா?" என்று யோசனை சொன்னான். அந்தக் கூடு முழு மரத்தில் குடைந்ததில்லை. தபால் அட்டை கனத்துக்கு மரத்தாள்களைச் சீவி, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி வளைத்தது. மெஷினை வைத்தால் மேல் தாள் பிய்ந்து அடியில் இருப்பது பல்லிளித்துவிடும். அண்ணி அதையெல்லாம் விளக்கவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கையாலேயே செய்தாள்.

தின்னரில் நனைத்த துணியைக் கூட்டைச் சுற்றிக் கட்டி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி அரைமணி வைப்பாள். அவிழ்த்தால் துணி சிவந்திருக்கும், மரம் கொஞ்சம் வெளுத்திருக்கும். மறுபடி வேறு துணி. இப்படிப் பதினோரு தடவை, என் வெட்டுத் துணி மூட்டை முழுக்கக் காலி. அதற்கப்புறம் உப்புத்தாள், மரத்தின் இழை ஓடுகிற பக்கமாகவே, குனிந்த தலை நிமிராமல். கம்பெனி வில்லை ஒட்டியிருந்த இடத்தில் ரூபாய் அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் தனியாகத் தெரிந்தது. அந்த வட்டத்தை மற்ற இடத்தோடு கலக்கவைக்க அவளுக்கு ஒன்றரை நாள் ஆயிற்று.

பூச்சுக்கு முன்னால் ஒன்று செய்வாள். சாமான்களில் கூரான முனை இருந்தால் பாலிஷ் அங்கே நிற்காது, சீக்கிரம் உரிந்துவிடும். அதனால் உப்புத்தாளை நாலாக மடித்து எல்லா முனையிலும் ஒரு ஓட்டு ஓட்டி மழுக்கிவிடுவாள். பாத்திரம் கழுவியதும் கையை உதறுகிற மாதிரி அது தானாக நடக்கும், யோசனையே இருக்காது. இந்தக் கூட்டின் இரண்டு விளிம்பையும் அப்படியே மழுக்கினாள். பிசகு நடந்தது அங்கேதான். அன்றைக்கு அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பிறகு ஏழு பூச்சு, ஒவ்வொன்றும் துணியில் தொட்டு மெல்லிசாக. தூசி பறக்கக் கூடாதென்று நாலு நாள் வீட்டில் எந்த மின்விசிறியும் ஓடவில்லை. நான் வெந்து நொந்து போனேன், இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் பார்த்தால், தோல் நீக்கின வேர்க்கடலை நிறத்தில், சாயத்துக்குள் இத்தனை வருடம் மூச்சுமுட்டிக் கிடந்த இழையெல்லாம் அலை அலையாகத் தெரிந்தது. அண்ணி போய்க் குளித்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே ஒரு பென்சிலைச் சீவி எடுத்துக்கொண்டு வந்தாள்.

உள்ளே மூன்றாவது பெயர் ஏற்கெனவே இருந்தது. பால்பாயிண்ட் பேனாவில், கீழே வளைத்து ஒரு கோடு வேறு. அண்ணன் பெயர்.

எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. அண்ணியை அங்கேயே விட்டுவிட்டு அண்ணனைத் தேடி முன்பக்கம் போனேன். "உனக்கு வெட்கமா இல்ல? ஒரு தேய்ப்பு தேய்ச்சியா நீ? அந்த உப்புத்தாள் எந்தப் பக்கம் சொரசொரன்னு இருக்கும்னாவது தெரியுமா உனக்கு?"

"இப்ப என்ன ஆயிடுச்சுன்னு இந்தக் கத்து கத்தற? ஒரே குடும்பம். யார் பேரா இருந்தா என்ன?"

"யார் பேரா இருந்தாலும் ஒண்ணுதான்னா அவங்க பேரை எழுத வேண்டியதுதானே!"

"கஸ்டமருக்கு என்னைத்தான் தெரியும். அவ பேரைப் போட்டா யாருன்னு கேப்பாங்க" என்றான். அவளை யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டதே இவன்தான், அதையே காரணமாகவும் சொல்கிறான்! நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் நாலு கேட்டிருப்பேன். அண்ணி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "விடும்மா. பேனா எழுத்து, அழிக்க முடியாது. அது பக்கத்துல நானும் எழுதினா பெரிய சண்டையாகும்" என்றாள். அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. பசியில்லை என்றாள். அண்ணன் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டான்.

டிரம்காரர் வந்து பார்த்து வாயைப் பிளந்தார். கூட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். "சார், இது கையா வேற எதாவதா?" என்று அண்ணனைக் கேட்டார். "எல்லாம் அனுபவந்தான்" என்றான் அண்ணன். நான் கத்தரிக்கோலை மேசையில் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றே நாள். நாலாம் நாள் காலை அதே டிரம்காரர் புயல் மாதிரி உள்ளே வந்தார். அப்போது கடையில் ஒரு அம்மா, தன் கட்டில் எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். டிரம்காரர் கூட்டை மேசையில் வைத்து, "இதைக் கொன்னுட்டீங்க சார்" என்றார்.

அண்ணன் எழுந்து நின்றான். "என்ன சார், பாலிஷ் போயிடுச்சா?"

"பாலிஷை வச்சு நான் என்ன பண்றது? தோல் இந்த விளிம்பு மேலதான் உக்காரும். விளிம்பு கூரா இருந்தாதான் தோல் விறைப்பா நிக்கும், சத்தம் வரும். அதைப் போய் மொழுக்குன்னு தேய்ச்சு வச்சிருக்கீங்க. அட்டைப் பெட்டியைத் தட்டற மாதிரி இருக்கு. இருபது தடவை முடுக்கிப் பார்த்துட்டேன்."

அண்ணனின் முகம் ஒரு நொடியில் மாறியதை நான் பார்த்தேன். பத்தொன்பது வருடமாக அவன் வாயிலிருந்து வராத வார்த்தை அன்றைக்கு எவ்வளவு சுளுவாக வந்தது தெரியுமா?

"சார், அது நான் இல்ல. என் பொண்டாட்டி பண்ணது."

அடப்பாவி! நல்ல பெயரெல்லாம் உனக்கு, கெட்ட பெயர் வந்ததும் பொண்டாட்டி ஞாபகம் வருகிறதா? நான் வாயைத் திறப்பதற்குள் டிரம்காரர் கூட்டைத் தூக்கி உள்ளே பார்த்தார். "உங்க பேருதானே எழுதியிருக்கு?"

"பேரு என்னுதுங்க. வேலை அவளுது."

கட்டில்காரம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "அப்ப என் கட்டிலு?"

"அதுவும்... அவதான்."

"போன வருஷம் குடுத்த அலமாரி?"

அண்ணன் சுவரில் இருந்த தன் போட்டோக்களைப் பார்த்தான். உதவிக்கு ஒருவரும் வரவில்லை. நான் நடையில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அண்ணி! உங்களைத்தான் கேக்கறாங்க, வாங்க!" என்று கூப்பிட்டேன்.

அண்ணி அப்படியே வந்தாள், மரத்தூள் தலையும் பழுப்பு நகமுமாக. யாரையும் பார்க்கவில்லை, கூட்டின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் கண் கலங்கிவிட்டது. "என் கைதாங்க. நாற்காலிக்குப் பண்ற மாதிரி பண்ணிட்டேன். தப்பு என்னுதுதான்" என்றாள்.

எனக்கு அவள் மேலும் கோபம். முதல்முறையாக நாலு பேர் முன்னால் நிற்கிறாள், நின்றதும் தப்பு என்னுது என்கிறாளே! டிரம்காரர் தணிந்தார், ஆனால் கூட்டைத் திரும்பப் போர்வையில் சுற்றத் தொடங்கினார். "பரவால்லம்மா. டிரம் வேலை பண்றவர் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட குடுத்துக்கறேன்."

அண்ணி போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். "வேற யார்கிட்டயும் குடுக்காதீங்க. நான் கெடுத்ததை நானே சரி பண்றேன். ரெண்டு நாள் போதும். விளிம்பு எவ்வளவு கூரா இருக்கணும்? விரலை அறுக்கணுமா, அழுத்தினா கோடு விழணுமா?"

டிரம்காரரின் விரல்கள் தட்டுவதை நிறுத்தின. அப்படி ஒரு கேள்வியை அவரிடம் இந்தக் கடையில் யாரும் கேட்டதில்லை. "கோடு விழணும். அறுக்கக் கூடாது" என்று சொல்லி, என் அளவு நோட்டின் பின் அட்டையில் விளிம்பின் சாய்வை வரைந்து காட்டினார். அண்ணி ஆறேழு கேள்வி கேட்டாள். உள்பக்கத்தைத் தொடலாமா என்றும் கேட்டாள். தொடவே கூடாது, தேய்த்தால் சத்தம் மாறிவிடும் என்றார். அண்ணன் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நீட்டி நீட்டிப் பார்த்தான், ஒருவரும் அவனுக்கு விளக்கவில்லை.

மட்டமான தளம் வேண்டும் என்றாள். என் வெட்டு மேசையின் தடிக் கண்ணாடியையே கொடுத்தேன், இரண்டு நாள் தையல் போனால் போகிறது. கண்ணாடி மேல் உப்புத்தாள் தாளாக ஒட்டினாள். விளிம்பு முழுக்கப் பென்சிலால் கோடு கோடாகக் குறித்து, கூட்டைக் கவிழ்த்து வைத்து மெதுவாகச் சுற்றினாள். எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் மறைந்தால் விளிம்பு மட்டமாகிவிட்டது என்று அர்த்தம். மறையவில்லை. மறுபடி குறித்தாள், மறுபடி சுற்றினாள். பட்டப்பகலில் ஜன்னல் கதவையெல்லாம் சாத்தச் சொல்லி, கண்ணாடி மேல் கவிழ்த்த கூட்டுக்குள் பல்பை எரியவிட்டு, அடியில் எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று தரையில் படுத்துப் பார்த்தாள். கசிந்தால் அந்த இடம் பள்ளம். ஜன்னலைச் சாத்தியது அண்ணன். "இப்ப தொறக்கலாமா?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டான். மட்டம் வருவதற்குள் கூட்டின் உயரம் அரை நூல், ஒரு நாணயத்தின் கனம், குறைந்திருந்தது. அதன் பிறகு, மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, நோட்டு அட்டையில் இருந்த சாய்வைக் கொண்டுவந்தாள். விரலை அழுத்தி என்னிடம் காட்டினாள். மெல்லிசாக ஒரு கோடு, ரத்தமில்லை.

மூன்றாம் நாள் டிரம்காரர் தோலோடும் இரும்போடும் வந்து, எங்கள் முன்னறையிலேயே மாட்டி, சுற்றிச் சுற்றி முடுக்கினார். அண்ணி சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் மூச்சு விடுகிறாளா என்றே எனக்குச் சந்தேகம். அவர் ஒரே ஒரு அடி அடித்தார். எனக்கு இசையெல்லாம் தெரியாது, ஆனால் என் டப்பாவிலிருந்த ஊசியெல்லாம் கிணுகிணுவென்றது. அவர் இன்னும் நாலு அடி அடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். பிறகு மறுபடி தோலைக் கழற்றி, காதில் செருகியிருந்த பென்சிலை அண்ணியிடம் நீட்டினார். "எழுதுங்கம்மா."

அண்ணன் தொண்டையைக் கனைத்தான். "அதான் என் பேரு இருக்கே சார். ஒரே குடும்பம்..."

நான் உப்புத்தாளும் கையுமாகத் தயாராக இருந்தேன். "அண்ணி, முதல்ல அந்தப் பேரைத் தேய்ச்சுத் தள்ளுங்க!"

"உள்பக்கம் தேய்க்கக் கூடாதுன்னு சொன்னாரில்ல?" என்றாள் அண்ணி. "அவர் பேரு இருக்கட்டும்."

தலையில் அடித்துக்கொண்டேன். இவளுக்காகப் போய்த் தொண்டை கிழியக் கத்தினேனே, என்னைச் சொல்லவேண்டும்! அவளோ தரையில் உட்கார்ந்து, கூட்டை மடியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். 'பழைய சாயம் எடுத்தது, மெருகு போட்டது, விளிம்பை மழுக்கிக் கெடுத்தது, அரை நூல் இறக்கிச் சரிசெய்தது.' அதன் கீழே தன் முழுப் பெயர், வருடம்.

டிரம்காரர் குனிந்து படித்தார். "கெடுத்ததையுமாம்மா எழுதணும்?"

"அடுத்து திறக்கிறவங்க, விளிம்பு ஏன் அரை நூல் குறையுதுன்னு முழிக்கக் கூடாதில்லீங்களா?"

பென்சிலைத் திருப்பிக் கொடுப்பாள் என்று பார்த்தேன். கொடுக்கவில்லை. கூட்டைக் கொஞ்சம் திருப்பி, அண்ணன் பெயருக்கு மேலே இருந்த சின்ன இடத்தில் இரண்டே வார்த்தை எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். 'தூக்கி வந்தவர்.'

அண்ணனும் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன இது? நக்கல் பண்றியா?"

"இல்லீங்க" என்றாள் அண்ணி, நிஜமாகவே சாதாரணக் குரலில். "யார் என்ன பண்ணாங்களோ அதை எழுதணும்னாரு. வண்டியிலேர்ந்து நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்க. ஒரு கீறல் விழாம தூக்கிட்டு வந்தீங்க. அதை யாரு இல்லேன்னு சொன்னா?"

டிரம்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தோலை மாட்டி முடுக்கினார், டிரம்மை உறையில் போட்டு மூடினார். பிறகு அண்ணியிடம், தன்னிடம் இதேபோல் இன்னும் மூன்று இருப்பதாகவும், அடுத்த வாரம் அவளிடம் கொண்டுவருவதாகவும் சொன்னார். அண்ணனைப் பார்த்து, "சார், இதைக் கொஞ்சம் வண்டி வரைக்கும்..." என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். பிறகு டிரம்மைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.